பழைய சாமானில் கிடைக்கும் மோட்டரும் சுவிட்சும்: அடையாளம் காண்பது முதல் ஓட விடுவது வரை

பரணில் ஒரு பழுதான பிரிண்டர், ஒரு டிவிடி பிளேயர், ஓடாத மிக்ஸி ஒன்று. இவற்றில் இருக்கும் மோட்டரைக் கழற்றி ஏதாவது செய்யலாமே என்ற ஆசை பலருக்கும் வரும். கழற்றுவது சுலபம், அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரிசை கட்டும். இது எத்தனை வோல்ட்? ஏன் நாலு ஒயர் வருகிறது? பேட்டரியில் வைத்தால் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறதே? திருப்பிச் சுற்ற வைப்பது எப்படி? காயலான் கடையில் கேட்டால் "பன்னெண்டு வோல்ட் குடுங்க, ஓடும்" என்பார்கள். ஓடவும் செய்யும், சில சமயம் புகையவும் செய்யும். மேலே ஒன்றும் எழுதியிராத மோட்டராக இருந்தாலும், அதைப் பற்றிய பெரும்பாலான விவரங்களை ஒரு மல்டிமீட்டரும் (வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர்) ஒரு பல்பும் சொல்லிவிடும். அதை முதலில் பார்த்துவிட்டு, கடைசியில் கார் வைப்பர் மோட்டரை வைத்து மொட்டை மாடியில் வற்றல் காயும் இடத்துக்கு ஒரு மழைத் திரை செய்வோம்.

முதலில், எதைத் திறக்கக் கூடாது

மைக்ரோவேவ் அவனை விட்டுவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த சார்ஜ் உள்ளே தங்கியிருக்கலாம். அதில் நல்ல மைக்ரோ சுவிட்சுகள் (லேசாக அழுத்தினாலே "டிக்" என்று மாறும் சிறு சுவிட்ச்) கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதே சுவிட்ச் கடையிலும் கிடைக்கிறது. பழைய பெட்டி டிவியும் இந்தக் கணக்குத்தான். அதன் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும்.

பிரிண்டர், டிவிடி பிளேயர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்றவற்றைத் திறக்கலாம், ஆனால் பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு. பவர் சப்ளை போர்டில் 400 வோல்ட் என்று எழுதிய பருத்த கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். நம் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது அதில் ஏறுவது சுமார் 325 வோல்ட். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து "டப்" என்று சத்தம் வரவைப்பது வீரம் இல்லை; முனை உருகித் தெறிக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயரையும் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் சில நொடி வைத்தால் போதும். அப்புறம் மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பார்த்து, ஏறக்குறைய பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.

டிவிடி டிரைவில் லேசர் இருக்கிறது. அதைத் தனியாக எரியவைத்துப் பார்க்க வேண்டாம். சிடி படிக்கும் லேசர் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதால் கண்ணுக்கு ஆபத்து குறைந்துவிடாது.

எதில் என்ன கிடைக்கும்

நல்ல வேட்டை என்றால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். ரேஷன் கடை, பேருந்து நிலையக் கவுண்டர், வங்கி பாஸ்புக் பிரிண்டர் என்று நம் ஊரில் ரொம்ப நாள் உழைத்த சாதனம் அது. உள்ளே கனமான ஸ்டெப்பர் மோட்டர் (படிப்படியாக, அளந்து திரும்பும் மோட்டர்) இரண்டு, வழவழப்பான எஃகுத் தண்டு, பல் வைத்த பெல்ட் எல்லாம் கிடைக்கும். புதிய இங்க்ஜெட் பிரிண்டர்களில் ஸ்டெப்பருக்குப் பதில் சாதாரண டிசி மோட்டரை வைத்து, மெல்லிய கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டையைப் படித்து இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் "பிரிண்டர் என்றால் ஸ்டெப்பர்" என்று நம்பி வாங்கினால் ஏமாறலாம். ஸ்கேனரில் பெரும்பாலும் ஒரு சிறு ஸ்டெப்பர் இருக்கும்.

டிவிடி டிரைவில் மூன்று மோட்டர்: தட்டைத் தள்ளும் குட்டி டிசி மோட்டர், வட்டைச் சுற்றும் பிரஷ் இல்லாத மோட்டர், லென்ஸை நகர்த்தும் மோட்டர். இந்த மூன்றாவது பல டிரைவ்களில் தலைமுடி கனத்துக்கு நாலு ஒயர் கொண்ட ஸ்டெப்பராக இருக்கும். அழகான சாமான், ஆனால் வலு கிடையாது. ஹார்ட் டிஸ்கில் மோட்டரைவிட அந்தக் காந்தங்கள்தான் புதையல். இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் மாட்டினால் ரத்தம் கட்டும், பார்த்து.

பழைய டேப் ரெக்கார்டர் மோட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்கச் சாதாரண இரண்டு ஒயர் மோட்டர் போலவே இருக்கும். ஆனால் பாட்டு ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காகப் பலவற்றின் உள்ளேயே ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு வைத்திருப்பார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தால் அது திரும்பிச் சுற்றாது, போர்டு கெடலாம். வோல்ட்டைக் குறைத்தாலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையாது. பின்பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் நுழையும் அளவு ஒரு துளை இருந்தால் அது வேகம் சரிசெய்யும் இடம். துளையைப் பார்த்தாலே இந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

வலுவான மோட்டர் வேண்டுமானால் கார், லாரி வைப்பர் மோட்டரை மிஞ்ச ஆளில்லை. சென்னையில் புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் பழைய வண்டி உடைக்கும் இடங்கள். வாங்கும்போதே கடைக்காரரின் பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டாதவை: மேல் தலை உப்பிய கெப்பாசிட்டர், கடுகு அளவு ரெசிஸ்டர்கள், அந்தச் சாதனத்துக்கென்றே செய்த ஐசி. இவற்றை உருவும் நேரத்துக்குப் புதிதே வாங்கிவிடலாம். ஹீட் சிங்க், டிரான்ஸ்பார்மர், ரிலே (காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் மாறும் சுவிட்ச்), சுவிட்ச், கனெக்டர், ஸ்குரூ, ஸ்பிரிங் ஆகியவற்றை மறக்காமல் எடுங்கள். நல்ல ஸ்பிரிங் அவசரத்துக்குக் கடையில் கிடைப்பதே இல்லை.

போர்டிலிருந்து கால் அதிகமுள்ள சாமானை எடுக்கும்போது சால்டர் உருக மறுத்தால், அது பெரும்பாலும் ஈயமில்லாத சால்டராக இருக்கும். அதற்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். நாம் வாங்கும் ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே நம்முடைய சால்டரைக் கொஞ்சம் அதன் மேலேயே உருக்கி விடுங்கள். இரண்டும் கலந்தால் சீக்கிரம் இளகும். பிறகு பம்ப்பால் உறிஞ்சலாம்.

ஒயரை எண்ணுங்கள்

கையில் வந்த மோட்டரின் ஒயர் எண்ணிக்கைதான் முதல் துப்பு.

இரண்டு ஒயர் என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டர். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். கொஞ்சம் வோல்ட் காட்டி, எதிர்ப்பக்கம் சுற்றும்போது மைனஸ் வந்தால் சந்தேகமே இல்லை.

மூன்று ஒயர் வந்தால் ஓம் அளக்க வேண்டும். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே அளவு காட்டினால் அது பிரஷ் இல்லாத மோட்டர். பேட்டரியில் நேராக வைத்தால் ஒரு துடி துடித்து நிற்கும்; கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்குத் தனி டிரைவர் போர்டு வேண்டும். மூன்று அளவும் வேறு வேறாக இருந்து, இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் பெரிய அளவு வருகிறது என்றால் அது சாதாரண சீலிங் ஃபேன் வகை. பெரிய அளவு காட்டிய ஜோடியில் சேராத மூன்றாவது ஒயர்தான் காமன். இது 230 வோல்ட் ஏசிக்கு உரியது, கன்டென்சர் இல்லாமல் ஓடாது. பேட்டரி விளையாட்டுக்கு உதவாது.

நாலு ஒயர் ஸ்டெப்பர் என்றால் அதற்குள் இரண்டு தனித்தனிக் காயில். எந்த இரண்டு ஒரு ஜோடி என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றும். ஏதாவது இரண்டு ஒயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள். திடீரென்று இறுக்கமாகி, கடக் கடக் என்று தடுத்துத் தடுத்து வந்தால் அவை ஒரே காயிலின் இரண்டு முனைகள். மாறுதலே இல்லையென்றால் வேறு ஜோடி. கையில் அந்த இறுக்கம் தெளிவாகத் தெரியும். கம்ப்யூட்டர் ஃபேனிலும் நாலு ஒயர் வரும். கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வந்தால் குழம்ப வேண்டாம், கறுப்பும் மஞ்சளும் 12 வோல்ட், மற்ற இரண்டும் வேகத்தைச் சொல்லவும் மாற்றவும்.

ஐந்து, ஆறு ஒயர் ஸ்டெப்பரில் காயிலின் நடுவிலிருந்தும் ஒயர் எடுத்திருப்பார்கள். முனைக்கு முனை 100 ஓம் என்றால் நடுவுக்கும் முனைக்கும் 50 ஓம் காட்டும். நடு ஒயரைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஆறு ஒயரில் இரண்டு நடு ஒயரையும் விட்டுவிட்டு நாலு ஒயர் மோட்டராகவே ஓட்டலாம். ஐந்து ஒயரில் இரண்டு நடுவும் உள்ளேயே ஒன்றாக இணைந்திருப்பதால் அது முடியாது.

எத்தனை வோல்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நேரடிப் பதில் ஒன்றைச் சொல்கிறேன்: டிசி மோட்டருக்கு "இத்தனை வோல்ட்தான்" என்று கல்வெட்டு கிடையாது. 12 வோல்ட் மோட்டர் 6 வோல்ட்டிலும் மெதுவாக ஓடும், 15 வோல்ட்டில் வேகமாக ஓடிச் சூடாகும். மோட்டரைக் கொல்வது சூடு. சூட்டைக் கொண்டுவருவது கரண்ட். ஆகவே கரண்டைக் கண்டுபிடித்தால் போதும்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் 0.3 அல்லது 0.5 ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஒயரின் சொந்த அளவு அது, பின்னால் கழிக்க வேண்டும். பிறகு மோட்டரை அளங்கள். ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்த மோட்டரில் பிரஷ் படும் செம்பு கறுத்து, அளவு தாறுமாறாக வரும். ஒரு நிமிடம் குறைந்த வோல்ட்டில் ஓட விட்டு அளந்தால் சரியாகிவிடும்.

பிரிண்டர் மோட்டர் ஒன்றில் 12 ஓம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் கொடுத்து ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தினால் அது இழுப்பது 1 ஆம்பியர், சூடாக மாறுவது 12 வாட். அதற்கே 24 வோல்ட் கொடுத்தால் 2 ஆம்பியர், 48 வாட். சால்டரிங் அயர்ன் அளவு சூடு உங்கள் கட்டைவிரல் பருமன் மோட்டருக்குள்! சுற்றும்போது இந்த அளவு இழுக்காது, சுமை இல்லாமல் ஓடும்போது ஸ்டால் கரண்டில் (பிடித்து நிறுத்தினால் இழுக்கும் கரண்டில்) பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஆனால் டிரைவர், டிரான்சிஸ்டர், ஃபியூஸ் எல்லாவற்றையும் தேர்வு செய்ய வேண்டியது ஸ்டால் கரண்டைப் பார்த்து. ஏனென்றால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த ஒரு நொடியில் மோட்டர் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

மோட்டர் வந்த சாதனத்தின் அடாப்டரைத் தூக்கி எறியாமல் அதில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். மோட்டருக்குப் போகும் அதிகபட்ச வோல்ட் பெரும்பாலும் அதுதான்.

வோல்ட்டை ஏற்றி இறக்கும் பவர் சப்ளை இல்லாதவர்களுக்கு ஒரு வழி. எலக்ட்ரீஷியன்கள் சந்தேகமான சாதனத்தை நேராக லைனில் போடாமல் குண்டு பல்பு வழியாகப் போடும் சீரிஸ் போர்டைப் பார்த்திருப்பீர்கள். அதையே 12 வோல்ட்டில் செய்யலாம். வண்டி இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்பை பாசிட்டிவ் ஒயரில் தொடராக இணைத்து மோட்டரைச் சோதியுங்கள். என்ன ஷார்ட் ஆனாலும் சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு எரியாமல் மோட்டர் சுற்றினால் நல்லது, மங்கலாக எரிந்தால் மோட்டர் கொஞ்சம் அதிகம் இழுக்கிறது, பளிச்சென்று எரிந்து மோட்டர் அசையவில்லை என்றால் ஜாம் ஆகியிருக்கிறது, அல்லது வைண்டிங் போய்விட்டது, இல்லையென்றால் இந்தப் பல்புக்குப் பெரிய மோட்டர்.

கடைசிச் சோதனை விரல். வேலை செய்யும் சுமையோடு பத்து நிமிடம் ஓடவிட்டு மோட்டரின் உடலைத் தொடுங்கள். விரலை வைத்திருக்க முடிந்தால் தொடரலாம், இழுத்துக்கொண்டால் வோல்ட்டைக் குறையுங்கள்.

மிக்ஸி மோட்டர் பற்றி

அடிக்கடி கேட்பதால் தனியாக. மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டர். காந்தம் கிடையாது, வெளிக் காயிலும் ஆர்மெச்சரும் (நடுவில் சுற்றும் பகுதி) தொடராக இணைந்திருக்கும். அதனால் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும். 24 வோல்ட் டிசி கொடுத்தால்கூட மெதுவாகச் சுற்றிக் காட்டும். ஆனால் பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றினால் திரும்பாது, ஏனென்றால் இரண்டிலும் ஒரே சமயத்தில் திசை மாறிவிடுகிறது. திரும்ப வேண்டுமானால் பிரஷ்ஷுக்குப் போகும் இரண்டு ஒயரை மட்டும் மாற்ற வேண்டும். வெளியே எடுத்துச் சுமையில்லாமல் 230 வோல்ட்டில் ஓட்டுவது மட்டும் வேண்டாம். கட்டுப்படுத்த ஒன்றும் இல்லாததால் வேகம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மணிக்கணக்கில் ஓட்டவும் அது செய்யப்பட்டதல்ல. மிக்ஸியில் எனக்குப் பிடித்தது அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வைத்த ஓவர்லோடு சுவிட்ச்தான். அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைப் படிப்பது

மைக்ரோ சுவிட்சில் மூன்று கால் இருக்கும். எண் போட்டிருந்தால் பெரும்பாலும் 1 காமன், 2 அழுத்தாதபோது சேர்ந்திருப்பது, 4 அழுத்தினால் சேர்வது. எண் இல்லையென்றால் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து அழுத்தியும் விட்டும் பாருங்கள், அரை நிமிட வேலை.

ரிலேயில் ஐந்து கால் இருந்தால், ஓம் காட்டும் ஜோடிதான் காயில். சின்ன சதுர ரிலேயில் சுமார் 70 ஓம் வந்தால் 5 வோல்ட், 400 ஓம் வந்தால் 12 வோல்ட் ரிலே என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பலரும் தவறவிடும் விஷயம். சுவிட்சின் மேல் "6 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி" என்று இருந்தால், அதை 6 ஆம்பியர் 48 வோல்ட் டிசியில் போடலாம் என்று பொருளல்ல. ஏசி ஒரு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யம் வருவதில்லை, பொறி நீண்டு கான்டாக்ட்டைத் தின்னும். மோட்டர் போன்ற காயில் சாமான் என்றால் இன்னும் மோசம். 12 வோல்ட் அளவில் பெரும்பாலும் பிரச்சினை வராது, 24க்கு மேல் போகும்போது சுவிட்சில் டிசி அளவு தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டரைத் திருப்பிச் சுற்ற ஆறு கால் சுவிட்ச் வேண்டும். நடுவில் நிற்கும்போது ஆஃப் ஆகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். முன்னோக்கி முழு வேகத்தில் ஓடும் மோட்டரைச் சட்டென்று பின்னோக்கித் தள்ளினால் கியரும் போகும், சுவிட்சும் போகும். கால்கள் இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்றாக இருக்கும். நடு இரண்டும் மோட்டருக்கு. மேல் இரண்டில் இடது பாசிட்டிவ், வலது நெகட்டிவ். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கும், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கும் பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஒயர். அவ்வளவுதான், அவை ஒன்றையொன்று தொடாமல் இன்சுலேஷன் இருக்கட்டும்.

அர்டுயினோவில் நேராக இணைக்கலாமா

கூடாது. அர்டுயினோ என்பது புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு கன்ட்ரோல் போர்டு; அதன் ஒரு பின்னிலிருந்து நிம்மதியாக எடுக்கக்கூடியது 20 மில்லி ஆம்பியர். சின்ன பொம்மை மோட்டர்கூட அதைப் பலமடங்கு கேட்கும். நடுவில் ஒரு மாஸ்ஃபெட் (சின்ன வோல்ட்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) போடுங்கள். இங்கே ஏமாற ஒரு இடம் இருக்கிறது: ஐஆர்எஃப்இசட்44என் என்பது எங்கும் கிடைக்கும், ஆனால் அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும். அர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கு ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிடுவார்கள்.

மோட்டரின் குறுக்கே ஒரு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) அவசியம், வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். மோட்டரை நிறுத்தும் கணத்தில் காயில் திருப்பித் தள்ளும் வோல்ட்தான் மாஸ்ஃபெட்டைச் சாகடிக்கிறது. சின்ன மோட்டருக்கு 1என்4007 போதும், வேகத்தை மாற்ற பிடபிள்யூஎம் (வேக வேகமாக ஆன், ஆஃப் செய்வது) செய்தால் 1என்5819 நல்லது. திசையும் மாற வேண்டுமானால் எல்298என் போர்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிலேயே 2 வோல்ட் அளவுக்குத் தொலைந்துபோகும். 5 வோல்ட் மோட்டரை 5 வோல்ட் சப்ளையில் இதன் வழியாக ஓட்டிவிட்டு "வலுவே இல்லை" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

மோட்டர் ஓடினால் அர்டுயினோ ரீசெட் ஆகிறதா? மோட்டரின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சப்ளை வைத்து, நெகட்டிவ்வை மட்டும் சேருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஸ்டெப்பர் டிரைவரில் பவர் இருக்கும்போது மோட்டர் ஒயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் அந்த இடத்திலேயே போய்விடும்.

வற்றலுக்கு மழைத் திரை

இனி வேலை. மாடியில் 3 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கம்பி, அதில் வளையங்களோடு ஓடும் தார்ப்பாய். வைப்பர் மோட்டர் ஒரு கயிற்றை இழுத்து மூடும், திறக்கும்.

முதல் படி, மோட்டரின் ஒயர்கள். வைப்பர் மோட்டரில் மூன்று பிரஷ்: பொது, மெதுவான வேகம், வேகமான வேகம். இவை தவிர கைப்பிடியைச் சரியான இடத்தில் நிறுத்தும் பார்க்கிங் சுவிட்சின் ஒயரும் வரும். இண்டிகேட்டர் பல்பு இதற்குச் சின்னது. 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராக வைத்து ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும் ஜோடியை எடுத்துக்கொண்டு மற்றதை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். பல மோட்டர்களில் பொது பிரஷ் மோட்டரின் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கும். வண்டியில் உடல் எப்போதும் நெகட்டிவ் என்பதால் அது சரி. நாம் திசை மாற்றும்போது உடலே பாசிட்டிவ் ஆகிவிடும், எனவே கைப்பிடிச் சுவர் கம்பியிலோ இரும்புத் தகட்டிலோ நேராக முடுக்காமல் மரக்கட்டையிலோ தடித்த ரப்பரிலோ பொருத்துங்கள். உடலுக்கும் ஒயருக்கும் பீப் வருகிறதா என்று முன்பே பார்த்துவிடலாம். உள்ளே காந்தத்துக்குப் பதில் காயில் உள்ள மிகப் பழைய மோட்டராக இருந்தால் திசை மாறாது, அது இந்த வேலைக்கு வேண்டாம்.

வேகக் கணக்கு: மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று என்று வையுங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள கயிற்றுருளை ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ. இழுக்கும், நிமிடத்துக்கு 7 மீட்டர். 3 மீட்டர் திரை 25 நொடியில் மூடிவிடும். தூறல் விழுந்து வற்றல் நனைவதற்குள் போதுமான வேகம். மோட்டருக்குள் வார்ம் கியர் (ஸ்குரூ மாதிரிப் பல் வைத்த கியர்) இருப்பதால் காற்று தார்ப்பாயை இழுத்தாலும் மோட்டர் பின்னால் சுற்றாது. அதே காரணத்தால் இந்த மோட்டரைக் கையால் சுற்றி மின்சாரம் எடுக்கவும் முடியாது. அதுவும் பலர் கேட்பது.

அடுத்தது லிமிட் சுவிட்ச். திரை முழுதாக மூடியதும் மோட்டர் தானே நிற்க வேண்டும், ஆனால் திறக்கும் பக்கம் மட்டும் ஓட அனுமதி வேண்டும். இதற்கு புரோகிராம் தேவையில்லை. இரண்டு மைக்ரோ சுவிட்ச், இரண்டு டயோடு போதும். 15 ஆம்பியர் வகைப் பெரிய மைக்ரோ சுவிட்ச் வாங்குங்கள். டயோடு 6 ஆம்பியருடைய 6ஏ10. 1என்4007 இதைத் தாங்காது.

ஆறு கால் சுவிட்சின் நடுக் கால் ஒன்றிலிருந்து மோட்டருக்குப் போகும் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஒயரில் இரண்டு மைக்ரோ சுவிட்சையும் ஒன்றன்பின் ஒன்றாக, 1, 2 கால்கள் வழியாக இணையுங்கள். அழுத்தாதபோது கரண்ட் நேராகப் போகும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு டயோடு. திரை மூடும்போது இந்த ஒயர் பாசிட்டிவ், அதாவது கரண்ட் மோட்டரை நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மூடும் முனையில் இருக்கும் சுவிட்சின் டயோடில் வெள்ளைக் கோடு ஆறு கால் சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். திறக்கும் முனையின் டயோடில் கோடு மோட்டர் பக்கம். திரை மூடி லிமிட் சுவிட்ச் அழுந்தியதும் நேர் வழி அடைபடும், டயோடும் அந்தத் திசையில் விடாது, மோட்டர் நிற்கும். நீங்கள் சுவிட்சைத் திறக்கும் பக்கம் தள்ளினால் கரண்ட் எதிர்த்திசையில் டயோடு வழியாகப் போய் மோட்டரைக் கிளப்பும். திரை இரண்டு அங்குலம் நகர்ந்ததும் லிமிட் சுவிட்ச் விடுபட்டு, டயோடுக்கு வேலை முடிந்துவிடும்.

கயிற்றை மாட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். மூடும் பக்கம் ஓட விட்டு, மூடும் லிமிட் சுவிட்சை விரலால் அழுத்துங்கள். நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் திறக்கும் லிமிட் சுவிட்சை அழுத்திப் பாருங்கள். அதில் நிற்கிறதென்றால் டயோடுகள் தலைகீழாக இருக்கின்றன. மாற்ற வேண்டியது டயோடுகளின் திசை, இரண்டையும் சேர்த்து.

பேட்டரிக்கு யுபிஎஸ்ஸில் இருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி (Ah) போதும். மோட்டர் 4 ஆம்பியர் இழுத்தாலும் ஒருமுறை மூடித் திறக்க 50 நொடி, அதாவது 0.06 ஆம்பியர்-மணிகூட ஆகாது. யுபிஎஸ்ஸில் தாக்குப்பிடிக்காத பழைய பேட்டரியேகூட இதற்குப் போதலாம், கிளம்பும் கரண்டைத் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். டயோடு ஷார்ட் ஆனாலோ வளையம் கம்பியில் சிக்கினாலோ உங்கள் மோட்டரைக் காப்பாற்றப்போவது அந்த ஃபியூஸ்தான். ஒயர் 1.5 சதுர மி.மீ. போடுங்கள், மெல்லிய ஒயரில் வோல்ட் பாதியிலேயே குறைந்து, மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும்.

தானாக மூட வேண்டுமென்றால் ஆறு கால் சுவிட்சுக்குப் பதில் 12 வோல்ட் ரிலே இரண்டு. மோட்டரின் ஒவ்வொரு ஒயரும் ஒரு ரிலேயின் காமனுக்கு. இரண்டு ரிலேயிலும் சாதாரணமாகச் சேர்ந்திருக்கும் கால் நெகட்டிவ்வுக்கு, சேராத கால் பாசிட்டிவ்வுக்கு. ஒரு ரிலே அடித்தால் ஒரு பக்கம், மற்றது அடித்தால் மறுபக்கம். இரண்டும் விட்டுவிட்டால் மோட்டரின் இரண்டு முனையும் நெகட்டிவ்வில் சேர்ந்து, பிரேக் பிடித்தது போல உடனே நிற்கும். 400 ஓம் ரிலேக்கு 30 மில்லி ஆம்பியர்தான் என்பதால், அர்டுயினோ பின்னுக்கும் ஒவ்வொரு ரிலேக்கும் நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 1 கே ரெசிஸ்டர், காயிலின் குறுக்கே 1என்4007 போதும். மழையை உணர கோடு கோடாகச் செம்பு போட்ட சிறு சென்சார் தட்டு கிடைக்கிறது. கொஞ்சம் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் மழை விட்டும் தண்ணீர் தேங்கி "மழை, மழை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பனி இறங்கும் காலையிலும் ஏமாறும். லிமிட் சுவிட்சையும் டயோடையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதை புரோகிராமின் கையில் கொடுக்காமல் ஒயரிலேயே வைத்திருப்பதுதான் என் கட்சி. அர்டுயினோ தொங்கிப்போனாலும் திரை கிழியாது.

மைக்ரோ சுவிட்சுகளுக்குள் தண்ணீர் இறங்காமல் லீவர் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தி, மேலே வெட்டிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். பேட்டரியை மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய நினைவிருக்காது என்பதால், 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிற்கும் சார்ஜரை நிரந்தரமாக மாட்டி வைப்பது நல்லது. மாடியில் பிளக் இல்லையென்றால் 10 வாட் சோலார் பேனலும் அதற்குரிய சின்ன சார்ஜ் கன்ட்ரோலரும் தாராளம்.